காரில் லேப்டாப் சார்ஜ் ஏறாவிட்டால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

வீட்டுச் சுவரில் செருகிய 65 வாட் அடாப்டர், 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து இழுப்பது ஒரு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். அதே 65 வாட்டைக் காரின் 12 வோல்ட்டிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் சுமார் 6 ஆம்பியர் ஓடியாக வேண்டும். ஏறத்தாழ 20 மடங்கு. கம்பியில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், வீட்டில் இருப்பதே தெரியாத ஒரு தளர்ந்த இணைப்பு காரில் 300 மடங்குக்கும் மேல் சூடாகும். அதனால் காரில் லேப்டாப் தகராறு செய்தால் நான் முதலில் சந்தேகப்படுவது லேப்டாப்பையும் அல்ல, சார்ஜரையும் அல்ல. அவற்றுக்கு முன்னால் இருக்கும் பிளக்கையும் ஒயரையும்தான்.

உங்களிடம் இருப்பது மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். ஒன்று, இன்வெர்ட்டர்: 12 வோல்ட் டிசியை வீட்டு மின்சாரம் போன்ற ஏசியாக மாற்றும், அதில் லேப்டாப்பின் வழக்கமான அடாப்டரைச் செருகுவீர்கள். இரண்டு, லேப்டாப்புக்கென்றே வரும் உருண்டை முனை கார் அடாப்டர்: 12 வோல்ட்டை நேரடியாக 19 அல்லது 20 வோல்ட்டாக உயர்த்தும். மூன்று, டைப்-சி கார் சார்ஜர்: இதுவும் நேரடி மாற்றம்தான், ஆனால் எத்தனை வோல்ட் வேண்டும் என்று லேப்டாப்பிடம் பேசி முடிவு செய்யும்.

இன்வெர்ட்டர் வழியில் மின்சாரம் இரண்டு முறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். 60 வாட் லேப்டாப்புக்காகப் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 78 வாட் எடுக்க வேண்டியிருக்கும். நேரடி மாற்றத்தில் அது 65 வாட் அளவில் முடிந்துவிடும். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் சில வாட் தின்னும் என்பது தனிக் கணக்கு.

கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் (சிகரெட் லைட்டர் துளையில்) செருகி வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் போதும். நினைவில் வைக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்துவதால் இந்த எண் மேலும் கீழும் ஆடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எதுவுமே உயிரோடு இல்லை, சார்ஜரின் விளக்குகூட எரியவில்லை

சாவி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பினால்தான் சாக்கெட்டுக்கு மின்சாரம் வரும். சிலவற்றில் எப்போதும் இருக்கும். இன்னும் சிலவற்றில் எஞ்சினை நிறுத்திய பிறகு சில நிமிடங்கள் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும்.

சாவி சரி என்றால் அடுத்தது ஃப்யூஸ். இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று வண்டியின் ஃப்யூஸ் பெட்டியில்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. மற்றொன்று பல சார்ஜர்களின் பிளக் முனையிலேயே. முனையில் இருக்கும் வளையத்தைத் திருகிக் கழற்றினால் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் வெளியே வரும். மெதுவாகக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங், முனையோடு சேர்ந்து குதித்து இருக்கைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடுவது ஃப்யூஸ் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

புது ஃப்யூஸ் போட்டதும் மறுபடி போய்விட்டதா? சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஒரு நாணயமோ, பழைய பிளக்கிலிருந்து கழன்ற உலோகத் துண்டோ கிடக்கும். நடுமுனையையும் பக்கச் சுவரையும் அது இணைத்து ஷார்ட் ஆக்கிவிடுகிறது. ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் குச்சியால் எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட வேண்டாம்.

நீல ஃப்யூஸ் போகிறது என்று மஞ்சளைப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஃப்யூஸ் இருப்பது லேப்டாப்பைக் காப்பாற்ற அல்ல, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர் எரியாமல் இருப்பதற்கு. 15 ஆம்பியர் சாக்கெட்டில் கிடைப்பது காகிதக் கணக்கில் 180 வாட். அதிலே 300 வாட் இன்வெர்ட்டரை முழுச் சுமையில் ஓட்ட முடியாது. அதற்கு 29 ஆம்பியர் அளவில் வேண்டும். பெரிய இன்வெர்ட்டரைப் பேட்டரி முனையிலேயே கிளிப் போட்டு, தனி ஃப்யூஸோடுதான் மாட்ட வேண்டும்.

சார்ஜரில் விளக்கு எரிகிறது, லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை

டைப்-சி என்றால் முதல் சந்தேகம் சார்ஜரின் வகை. வண்டியோடு வரும் டைப்-சி துளைகள் பல, செல்போனுக்காக 5 வோல்ட்டில் 15 வாட் தருபவை. லேப்டாப் பெரும்பாலும் அதைச் சார்ஜராகவே மதிக்காது. உங்களுக்கு வேண்டியது பவர் டெலிவரி முறையில், அதாவது லேப்டாப்பிடம் பேசி வோல்ட்டை முடிவு செய்யும் முறையில், 20 வோல்ட் தரும் சார்ஜர். அதன் மேல் பொடி எழுத்தில் வெவ்வேறு வோல்ட்டுகள் அச்சாகியிருக்கும். அந்த வரிசையில் 20 வோல்ட் இருக்கிறதா, அதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வெளிப்பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வாட்டைவிட இந்த ஒரு வரிதான் உண்மை பேசும்.

உருண்டை முனை அடாப்டர் என்றால், வோல்ட் தேர்வு செய்யும் சுவிட்ச் சரியான இடத்தில் இருக்கிறதா என்று லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தகவலோடு ஒப்பிடுங்கள். 19க்கும் 19.5க்கும் உள்ள வித்தியாசம் பொருட்டில்லை. 15க்கும் 19க்கும் உள்ளது பொருட்டுதான். ப்ளஸ் மைனஸ் குறியீட்டையும் பாருங்கள்.

டெல், எச்பி லேப்டாப்புகளின் உருண்டை முனையில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். சார்ஜர் யார், எத்தனை வாட் என்று அடையாளம் சொல்வது அதுதான். மலிவான பொது அடாப்டரில் அந்த அடையாளம் இருக்காது, அல்லது ஊசி வளைந்திருக்கும். அப்போது லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். ‘அடாப்டர் வகையைக் கண்டறிய முடியவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்தால் இதுதான் காரணம். பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்கள் உண்டு.

12 வோல்ட் உள்ளீடு கொண்ட சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆசை வரும்: கார்தான் 12 வோல்ட் தருகிறதே, நேராக ஒயரை இழுத்துவிட்டால் என்ன? வேண்டாம். காரில் 12 என்பது பெயர் மட்டும்தான். எஞ்சின் ஓடும்போது 14க்கு மேல் போகும், இடையிடையே அதைவிட உயரமான துள்ளல்களும் வரும்.

ஏறுகிறது, ஆனால் வேலை செய்யச் செய்யச் சதவீதம் குறைகிறது

இது கோளாறு அல்ல, கணக்கு. லேப்டாப் 65 வாட் கேட்கிறது, கிடைப்பது 30 அல்லது 45. மிச்சத்தைப் பேட்டரி கொடுக்கிறது.

இரண்டு துளை உள்ள சார்ஜரில் பக்கத்துத் துளையில் செருகிய போனை எடுத்துப் பாருங்கள். ‘100 வாட்’ என்று எழுதியிருப்பது பல சார்ஜர்களில் எல்லாத் துளைகளின் கூட்டுத்தொகை. போனைச் செருகிய நொடியில் லேப்டாப்பின் பங்கு சுருங்கிவிடும். அடுத்து கேபிள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் சுமக்கும், 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக, தன்னால் 5 ஆம்பியர் சுமக்க முடியும் என்று சொல்லும் சில்லு கேபிளுக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய சார்ஜராக இருந்தாலும் 60 வாட்டில் நின்றுவிடும்.

வண்டி வெயிலில் நின்றிருந்ததா? அப்படியானால் எந்தக் கேபிளை மாற்றியும் பயனில்லை. லித்தியம் பேட்டரி சுமார் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல லேப்டாப்புகள் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். குளிர்ந்த பிறகு தானாகத் தொடரும்.

ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. இன்வெர்ட்டர் என்றால் பீப் பீப் என்று கத்துகிறது

எல்லாவற்றிலும் அதிகம் வரும் தொல்லை இதுதான். அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம். சார்ஜருக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் அது சும்மா இருக்காது. லேப்டாப் கேட்ட வாட்டைக் கொடுத்தே தீருவேன் என்று ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினால் ஒயரிலும் பிளக்கிலும் இன்னும் கொஞ்சம் வோல்ட் விழும். விழுந்தால் இன்னும் இழுக்கும். இப்படியே போய், சார்ஜரின் கீழ் எல்லையைத் தொட்டதும் அது அணைந்துவிடும். இன்வெர்ட்டர் அதற்கு முன்பே, பெரும்பாலும் 10.5 வோல்ட் அளவில், கத்த ஆரம்பித்திருக்கும். அணைந்ததும் சுமை இல்லை, வோல்ட் பழைய இடத்துக்கு ஏறும், சார்ஜர் மறுபடி விழிக்கும், இழுக்கும், விழும். பார்ப்பவருக்கு இது பைத்தியம் பிடித்த சார்ஜர்போலத் தெரியும்.

சுமை இல்லாமல் சாக்கெட்டை அளந்தால் 12.5 என்று அழகாகக் காட்டும். அதை நம்பி ‘வண்டி சரி, சார்ஜர்தான் போச்சு’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுமையோடு அளக்க வேண்டும். அதற்கு ஒரு சுலப வழி: ஒன்றை இரண்டாக்கும் சாக்கெட் ஸ்ப்ளிட்டரை மாட்டி, ஒரு துளையில் லேப்டாப் சார்ஜர், அடுத்த துளையில் மீட்டரின் சிவப்பு முள்ளை நடுவிலும் கறுப்பைப் பக்கச் சுவரிலும் வையுங்கள். இரண்டு முட்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இப்போது பேட்டரியின் முனைகளிலும் அளந்து, இரண்டையும் கழியுங்கள். அரை வோல்ட் வரை போனால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போனால் வழியில் திருடன் இருக்கிறான்.

மீட்டர் இல்லையா? லேப்டாப்பை முழுதாக அணைத்துவிட்டு சார்ஜ் போடுங்கள். அணைத்த நிலையில் நிலையாக ஏறி, வேலை செய்யும்போது மட்டும் துண்டுபட்டால் வோல்ட் வீழ்ச்சிதான் காரணம் என்று தொண்ணூறு பங்கு சொல்லிவிடலாம்.

என்னுடைய ஒரு சார்ஜர் இரண்டு நாள் இப்படி ஆட்டம் காட்டியது. கேபிளை மாற்றினேன், லேப்டாப் அமைப்புகளை நோண்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பிளக்கை உருவிக் கையில் வைத்துப் பார்த்தேன். முனையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் பழுப்பேறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டைவிரலால் முனையை அழுத்தினால் பட்டென்று திரும்பி வர வேண்டும். அது உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. பக்கவாட்டு உலோகச் சிறகுகளில் ஒன்று தட்டையாகப் படுத்திருந்தது. மொத்த மின்சாரமும் ஒரு ஊசி முனையளவு இடத்தில் உரசிக்கொண்டு போயிருக்கிறது. சிறகை நகத்தால் வெளியே வளைத்து, முனையை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்ததும் சரியானது. ஆனாலும் உருகிய பிளக்கை நம்பி ஓட்டுவது சரியில்லை என்று அடுத்த வாரமே மாற்றிவிட்டேன்.

அந்தச் சாக்கெட் முதலில் சிகரெட் லைட்டருக்காக வந்தது, சில நொடிகள் மட்டும் சூடாக்க. மணிக்கணக்கில் 6 ஆம்பியர் ஓட்டுவது அதன் வேலையாக இருந்ததில்லை. துளையின் அளவும் வண்டிக்கு வண்டி சற்று மாறும். அதனால் ஒரு வண்டியில் இறுக்கமாக உட்காரும் பிளக், இன்னொன்றில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆடும். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கை உருவி முனையின் அருகே விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றோடு அந்தப் பிளக்கைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

பிளக் சரி என்றால் ஒயர். பின் இருக்கைக்கு எட்டட்டும் என்று 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறீர்களா? போகவும் வரவும் 6 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அதன் தடை 0.1 ஓம். 6 ஆம்பியரில் 0.6 வோல்ட் விழும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பலவற்றில் கம்பி அதில் பாதி தடிமன்கூட இருக்காது, அப்போது விழுவது 1.2 வோல்ட்டுக்கு மேல். நீளம் தேவைப்பட்டால் சார்ஜருக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வேண்டாம். 20 வோல்ட் ஓடும் பக்கத்தில் மின்னோட்டம் ஏறக்குறைய பாதிதான். அதே கம்பியில் நஷ்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சார்ஜர், அங்கிருந்து நீளமான டைப்-சி கேபிள்: பின் இருக்கைக்காரருக்கு இதுதான் சரியான அமைப்பு.

செல்ஃப் அடிக்கும்போது அறுந்துபோகிறது

ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் அந்த ஓரிரு நொடிகளில் வோல்ட் 10க்கும் கீழே இறங்கலாம். பல வண்டிகள் அப்போது சாக்கெட்டையே துண்டித்துவிடும். இது இயல்பு. லேப்டாப் அப்போது தன் பேட்டரிக்கு மாறிவிடும். மாறாமல் அணைந்தே போனால் கெட்டிருப்பது லேப்டாப்பின் பேட்டரி. சிக்னலில் எஞ்சினைத் தானாக நிறுத்திக் கிளப்பும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். அந்த வசதியை அணைக்கும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடலாம்.

டச்பேட் துள்ளுகிறது, உலோக உடலைத் தொட்டால் கை சுருசுருக்கிறது

இன்வெர்ட்டர் வழியில் மட்டும் வரும் தொல்லை. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் லேப்டாப்பின் உடலுக்குக் கசியும். வீட்டில் மூன்று முள் பிளக்கில் அது எர்த்துக்கு இறங்கிவிடும். காரில் இறங்க இடமில்லை. மாடிஃபைட் சைன் வேவ் என்று விற்கும் இன்வெர்ட்டர்களில் அலை வளைவாக இல்லாமல் படிக்கட்டாக இருப்பதால் கசிவு கூடும். அடாப்டரும் மெல்லிய ‘உர்ர்ர்’ சத்தத்தோடு வழக்கத்தைவிடச் சூடாகும். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது குறையும். நேரடிக் கார் சார்ஜருக்கு மாறினால் அடியோடு போய்விடும். என்னைக் கேட்டால், லேப்டாப் ஒன்றுக்காக மட்டும் இன்வெர்ட்டர் வாங்கவே தேவையில்லை.

வண்டியின் ஸ்பீக்கரில் கீச்சென்ற சத்தம்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டரின் குரல். லேப்டாப் சார்ஜர் வழியாகவும் ஆடியோ ஒயர் வழியாகவும் இரண்டு முறை வண்டியின் மைனஸோடு சேர்வதால் வருகிறது. ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டால் போய்விடும். ரேடியோவில் மட்டும் இரைச்சல் என்றால் சார்ஜரை உருவிப் பாருங்கள். சத்தமும் சேர்ந்து போனால் குற்றவாளி சார்ஜர்தான், ஒயரில் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினால் ஓரளவு அடங்கும்.

லேப்டாப் நன்றாக ஓடியது, வண்டிதான் கிளம்பவில்லை

45 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். எஞ்சினை நிறுத்திவிட்டு 60 வாட் லேப்டாப்பை ஓட்டினால் சார்ஜரின் நஷ்டத்தோடு சேர்த்து 5.5 ஆம்பியர் அளவில் போகும். நான்கு மணி நேரத்தில் பாதிப் பேட்டரி காலி. கார் பேட்டரி செய்யப்பட்டிருப்பது ஸ்டார்ட்டருக்கு ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்க, மெதுவாக முழுதும் வடிய அல்ல. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகச் சுருங்கும்.

இன்வெர்ட்டர் எச்சரிக்கும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த 10.5 வோல்ட் பீப் இன்வெர்ட்டரைக் காப்பாற்ற வைத்தது. அதற்குள் உங்கள் வண்டி கிளம்பும் நிலையைத் தாண்டிப் போயிருக்கும். சுமையோடு மீட்டர் 12.0 காட்டினால் நிறுத்திவிடுங்கள் என்பது நான் வைத்திருக்கும் கோடு. பேட்டரி பழசு என்றால் 12.2.

இன்னொரு ரகசியத் திருடன், எப்போதும் மின்சாரம் இருக்கும் சாக்கெட்டில் செருகியபடியே மறந்துவிட்ட இன்வெர்ட்டர். எதுவும் மாட்டாமல் 0.3 ஆம்பியர் தின்றாலும் மூன்று நாளில் 20 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும்.

ஆனால் தேவையில்லாமல் பயப்படவும் வேண்டாம். அணைத்து வைத்த லேப்டாப்பின் 50 வாட்-மணி பேட்டரியை ஒரு முறை நிரப்ப, கார் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர்-மணிதான் போகும். வண்டிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆபத்து, நின்ற வண்டியில் மணிக்கணக்காக வேலை செய்வதில்தான். வண்டி ஓடும்போது லேப்டாப்பை நிரப்பிக்கொண்டு, நின்ற பிறகு பிளக்கை உருவிவிட்டு அதன் சொந்தப் பேட்டரியில் வேலை செய்வதுதான் சிக்கனமான வழி. ஓடும் ஆல்டர்னேட்டருக்கு 65 வாட் சுமை தெரியவே தெரியாது. இதற்காக மட்டும் நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது வீண், எரிபொருளில் மிகச் சிறு பங்குதான் லேப்டாப்புக்கு வந்து சேரும். மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

ஏற்கெனவே பேட்டரி இறங்கி, ஜம்ப் கேபிள் கேட்டு நிற்கிறீர்கள் என்றால், கேபிள் போடுவதற்கு முன்பே லேப்டாப் சார்ஜரைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிடுங்கள். கேபிளை மாட்டும்போதும் எடுக்கும்போதும் வரும் வோல்ட் துள்ளல் சார்ஜரின் உயிரைக் குடிக்கும். வண்டி கிளம்பிய பிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது நிற்காமல் ஓட்டுங்கள். அன்று முழுக்க அந்தச் சாக்கெட்டில் எதையும் செருக வேண்டாம்.